பழைய மோட்டார்ஹோமுக்குப் பார்ட்ஸ் தேடி அலைந்தவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் மோட்டார்ஹோம், அதாவது வேன் மேலேயே கட்டிய ஓடும் வீடு, வாங்கினவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதைக் கட்டின கம்பெனியிடம்தான், அங்கே "அந்த மாடல் நின்றுபோய் ரொம்ப காலம் ஆச்சே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கும் அதேதான். ஆனால் அவர்கள் செய்தது மேலே இருக்கும் கூடு மட்டும்தான், கீழே ஓடுகிற வேன் ஒருத்தர் செய்தது, ஃப்ரிட்ஜ் இன்னொருத்தர், ஹீட்டர் வேறொருத்தர், ஜன்னல்கூட வெளியில் வாங்கி மாட்டியதுதான். அதனால் வண்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அந்தந்தச் சாமானின் பெயரைப் போட்டால் வரிசையாக வந்து விழும்.

என்னுடையது ஃபியட் டுகாட்டோ மேல் கட்டியது. பியூஜோ பாக்ஸர், சிட்ரோயன் ஜம்பர் இரண்டும் அதன் உடன்பிறப்புகள், இத்தாலியில் ஒரே ஆலையில் முகப்பும் முத்திரையும் மாறி வெளியே வந்தவை, ஆகவே பெரும்பாலான பாகங்கள் பொருந்தும். ஒரு சங்கடம் உண்டு. கம்பெனி சேசிஸை (வேனின் அடிச்சட்டம்) வாங்கி, மேலே வீட்டைக் கட்டி, விற்றுப் பதிவாவதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஓடிவிடும், அதற்குள் வேன் மாடலே மாறியிருக்கலாம். பதிவு வருஷத்தைச் சொல்லி பிரேக் பேட் கேட்டால் வேறு ஏதோ வரும். 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கொடுங்கள். கூடவே வீல் 15 அங்குலமா 16 அங்குலமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள், கனமான சேசிஸுக்கு பிரேக்கே வேறு.

---

ஃப்ரிட்ஜ் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. இந்த வண்டி ஃப்ரிட்ஜ் கரண்டிலும் ஓடும், கேஸிலும் ஓடும். எங்களுடையது கரண்டில் நன்றாகக் குளிரும், கேஸில் மட்டும் குளிராது. பார்க்க வந்தவர் முழு ஃப்ரிட்ஜையும் மாற்றச் சொன்னார். கரண்டில் குளிர்கிறதென்றால் கூலிங் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்! கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் மாடல் நம்பரும் ப்ராடக்ட் நம்பரும் இருக்கும், சரியான பார்ட்ஸ் தேட எங்களுக்குத் தேவைப்பட்டது அது மட்டும்தான். ரொம்பப் பழையதில் எலக்ட்ரோலக்ஸ் என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், 2001-இல் அவர்களுடைய வண்டி ஃப்ரிட்ஜ் பிரிவு தனியாகப் பிரிந்து டொமெடிக் ஆனது, அந்தப் பெயரில் தேடுங்கள். கேஸ் வேலைக்கு உரிமம் உள்ள ஒருவர் வந்து பர்னரைக் கழற்றினார், புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துரு அப்படியே பர்னர் மேல் கிடந்தது. தட்டிச் சுத்தம் செய்து ஜெட்டை (கேஸ் வரும் சின்னத் துளையுள்ள முனை) மட்டும் புதிதாகப் போட்டார். ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், துளை பெரிதானால் தீ அளவு தப்பிவிடும்.

---

ஜன்னல் உடைந்தால்தான் உண்மையான தலைவலி. கண்ணாடி இல்லை, இரட்டை அடுக்கு அக்ரிலிக். மூலையில் சின்ன எழுத்தில் தயாரித்தவர் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும், வெயிலில் மங்கிப்போயிருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிக்கலாம். என்னுடையது புதிதாகக் கிடைக்கவே இல்லை, கடைசியில் மோட்டார்ஹோம், கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு) பிரித்து விற்பவர் ஒருவரிடம் அதே காலத்துக் கேரவனிலிருந்து கழற்றியது கிடைத்தது. அகலம் உயரம் மட்டும் சொன்னால் போதாது, மூலை வளைவும் கீல் வகையும் ஒத்துப்போக வேண்டும், அதனால் டேப்பை வைத்தே படம் எடுத்து அனுப்பினேன், அவரும் அப்படியே எடுத்து அனுப்பினார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும்.

---

டாய்லெட் கேசட் (கழிவு சேரும், வெளியே எடுத்துக் கொட்டும் டேங்க்) ஒழுகுகிறது என்று முழு டேங்கையும் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் ரப்பர் சீல்தான் காய்ந்திருக்கும், அது தனியாகவே கிடைக்கிறது. மாடல் பெயரைப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டு, சீலுக்கென்றே விற்கும் ஸ்பிரேயைத் தடவுங்கள், வாசலின் வேண்டாம்.