அம்மாவின் தலையில் டியூப்: கட்டிலை ஏற்றியதற்கு ஏன் அவ்வளவு சத்தம் போட்டார்கள்?

திங்கள்சந்தை மகள்:

அம்மாவுக்கு 61 வயது. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், முப்பது வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். தலைசுற்றல் நின்றுவிட்டது என்று பிரஷர் மாத்திரையைத் தானாகவே நிறுத்தியிருக்கிறார், அது எங்கள் யாருக்கும் தெரியாது. போன வியாழக்கிழமை காலையில் முற்றத்தில் வாந்தி எடுத்து அப்படியே சாய்ந்துவிட்டார். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சிடி எடுத்துப் பார்த்து, தலாமஸ் என்ற இடத்தில் ரத்தக்கசிவு, அந்த ரத்தம் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளிலும் இறங்கியிருக்கிறது, நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது என்றார்கள். அன்று இரவே தலையின் முன்பக்கம், வலது புறத்தில் சின்னத் துளை போட்டு டியூப் வைத்தார்கள். இன்று ஆறாவது நாள். இப்போது வார்டில் துணைக்கு ஒரு பைஸ்டாண்டரை விடுகிறார்கள்.

நேற்று மதியம் சித்திதான் கூட இருந்தார். அம்மா கட்டிலில் கீழே சறுக்கிக் கிடக்கிறாரே என்று கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை ஏற்றிவிட்டார். அதுவரை அந்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழுந்தது நூல் பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து திருகை அடைத்து, வார்டே பார்க்கச் சித்தியைத் திட்டிவிட்டார். சித்தி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, "அக்காவுக்கு நானே கெடுதல் பண்ணிவிட்டேனா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஒரு சாண் ஏற்றியதில் அப்படி என்ன ஆகிவிடும்? அப்புறம், தினமும் 200 மில்லிக்கு மேல் வருகிறது, இது எப்போது வற்றும்? நாளை முதல் டியூபை ஏற்றி வைத்துப் பார்ப்போம், பிறகு அடைத்துப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் ஷன்ட், அதாவது உடம்புக்குள்ளேயே நீரை வடிக்கிற டியூப், வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஷன்ட் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அப்பா யாரிடமும் பேசவில்லை. அனுபவம் உள்ள அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

கருங்கல் சிஸ்டர்:

மக்களே, முதலில் சித்தியைச் சாப்பிடச் சொல்லு. உடனே திருகை அடைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகும் அம்மா பழையபடிதான் இருக்கிறார் என்றால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. நான் மஸ்கட்டில் நியூரோ ஐசியூவில் 11 வருடம் வேலை பார்த்தவள், இந்த டியூபோடுதான் என் ராத்திரிகள் போயின, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த நீர் வற்றாது, வற்றவும் கூடாது. ரத்தக்கசிவால் புதிதாக ஊறிய நீர் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உன் தலையிலும் என் தலையிலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி, அதாவது மணிக்கு 20 மில்லி போல ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் உள்ளே நிற்பது 150 மில்லி அளவுதான், ஏனென்றால் ஊறுகிற நீர் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து, உச்சியில் இருக்கும் பெரிய ரத்தநாளங்களில் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஊர்க் குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் வெளியே போக மறுகால் இருக்கிற மாதிரி. மறுகாலில் சேறும் செத்தையும் அடைத்தால் மழை நின்றாலும் குளம் கரையை முட்டும் அல்லவா, அதைத்தான் அம்மாவின் தலையில் ரத்தக்கட்டி செய்திருக்கிறது. டியூப் என்பது அவசரத்துக்கு வெட்டிவிட்ட வாய்க்கால். எத்தனை மில்லி வந்தது என்பதைவிட, பழைய மறுகால் திறந்துவிட்டதா என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஏற்றி வைப்பதும் அடைத்துப் பார்ப்பதும்.

இனி கட்டில் விஷயம். காதுத் துளையின் மட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் 10 அல்லது 15 சென்டிமீட்டர் என்று டாக்டர் சொல்கிற உயரத்தில் அந்தச் சொட்டுக் குழாயைக் கட்டுவோம். உள்ளே அழுத்தம் அந்த உயரத்தைத் தாண்டினால்தான் நீர் வெளியே வரும். தலையை ஏற்றினால் குழாய் தானாகவே தாழ்ந்துவிடும், நீர் மளமளவென்று இறங்கும். மூளை உள்ளே சுருங்க, அதன் மேலே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு அறுந்து இன்னொரு ரத்தக்கசிவு வரலாம், அந்தப் பயத்தில்தான் அந்தச் சிஸ்டர் கத்தியிருப்பார். கட்டிலைத் தாழ்த்தினாலும் ஆபத்துதான், நீர் வராமல் உள்ளே அழுத்தம் ஏறும். அதனால் திருப்பிப் படுக்கவைக்க, ஸ்கேனுக்குக் கொண்டுபோக, பிசியோதெரபிக்கு என்று எதற்கானாலும் முதலில் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். அவர் அடைத்து, அசைத்து, மட்டம் பார்த்து, மறுபடி திறப்பார். திறக்க மறந்துவிடக் கூடாது, அதையும் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

நிறத்தைப் பாருங்கள். முதலில் ரத்தமாக வந்தது இப்போது வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தால் நல்லது. திடீரென்று புது ரத்தம் போலச் சிவந்தாலோ, கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலைக்கட்டு நனைந்தாலோ உடனே சொல்லுங்கள். நாள் ஆக ஆகக் கிருமி தொற்றும் பயம் கூடும், அதனால்தான் டியூபை ரொம்ப நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

தக்கலை கொத்தனார்:

சிஸ்டர் சொன்ன மட்டக் கணக்கு எனக்குச் சட்டென்று புரிந்தது. நாங்கள் அஸ்திவாரத்துக்கு டியூப் மட்டம் பிடிப்போம், தண்ணீர் நிறைத்த டியூபின் ஒரு முனையை ஏற்றினால் மறுமுனையில் தண்ணீர் வழிந்துவிடும், அதே சங்கதிதான். என் அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி ஆனபோது, டாக்டரிடம் நான் இதைச் சொன்னதும் அவரே "அதேதான்" என்றார்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. அண்ணனுக்கு டியூபை அடைத்தார்கள், ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள், சிடி நன்றாக இருந்தது, டியூபை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு வாரம் கழித்து நடை மாறியது. காலைத் தரையிலிருந்து எடுக்காமல், பசை ஒட்டின மாதிரி இழுத்து இழுத்து வைத்தார். இரண்டு முறை படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டது. சாப்பிட்டதை மறந்துவிட்டு மதினியிடம் மறுபடி சோறு கேட்டார். நாங்கள் எல்லோரும் பக்கவாதம் வந்த ஆள்தானே, மூளை தளர்ந்துவிட்டது என்று மூன்று வாரம் சும்மா இருந்தோம். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் சிடி எடுத்தால் நீர் மெல்ல மெல்லத் தேங்கியிருக்கிறது. ஷன்ட் வைத்தார்கள். பத்தாவது நாள் கைத்தடியோடு கிணற்றடி வரை போனார். இடது கை மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை, அது ரத்தம் கசிந்த இடத்தின் பாதிப்பு, ஷன்ட் அதைச் சரிசெய்யாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அதனால் தங்கச்சி, டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதே. நடை, சிறுநீர், ஞாபகம், இந்த மூன்றில் எது மாறினாலும் ஸ்கேன் கேள். செலவைப் பற்றி நீ எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் இன்றே கேட்டுவிடு, ஆபரேஷனுக்கு முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது.

குலசேகரம் தோட்டம்:

எங்கள் பக்கத்தில் நல்ல வர்ம ஆசான் ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறார். இரண்டாவது முறையும் தலையைத் திறக்க விடுவதற்கு முன்னால் ஒரு தடவை அவரிடம் காட்டினால் என்ன? நீரை வற்ற வைக்கக் கஷாயமும் உண்டு என்கிறார்கள்.

தக்கலை கொத்தனார்:

அண்ணாச்சி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். என் தாய்மாமாவே வர்ம ஆசான்தான். அண்ணன் விழுந்தபோது நாங்கள் முதலில் ஓடியது அவரிடம். "தலைக்குள் ரத்தம் நிற்கிற ஆளை நான் தொட மாட்டேன், வண்டியைத் திருப்பு" என்றார். ஷன்ட் வைத்து மாதங்கள் கழிந்த பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கைக்கும் காலுக்கும் மட்டும் எண்ணெய் போட்டார். டியூப் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியில் வயிற்றுக்குப் போகிறது, அந்தப் பக்கம் விரல் வைக்கவே இல்லை.

கருங்கல் சிஸ்டர்:

அந்த ஆசானுக்கு என் வணக்கம். கஷாயம் இப்போது வேண்டவே வேண்டாம். முழுநினைவு இல்லாதவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடலாம்.

மக்களே, அப்பாவிடம் சொல், ஷன்ட் வைப்பது கைவிட்ட கேஸ் என்பதற்கு அடையாளம் இல்லை. வெளியே தொங்குகிற வாய்க்காலை உள்ளே திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு வால்வு இருக்கும், அது அளவாகத்தான் விடும். வயிற்றுக்குள் இறங்குகிற நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே எதுவும் தொங்காது, குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், பஸ் ஏறலாம். ஆனால் அடைபடலாம், தொற்று வரலாம், அதை மறைக்க மாட்டேன். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, தூங்கி விழுவது, டியூப் போகிற வழியில் சிவப்பு, காரணமில்லாத காய்ச்சல், வயிற்றுவலி, இதில் எது வந்தாலும் மாத்திரை போட்டுவிட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

திங்கள்சந்தை மகள்:

மூன்று நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இரண்டு நாளில் குழாயைப் படிப்படியாக ஏற்றி, நேற்றுக் காலை எட்டு மணிக்கு அடைத்தார்கள். விழுங்கிப் பார்க்கச் சொல்லி சோதித்துவிட்டு வாயால் கொஞ்சம் கஞ்சி கொடுக்க ஏற்கனவே அனுமதித்திருந்தார்கள். மாலை வரை அம்மா நன்றாக இருந்தார், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இரவு பத்து மணிக்குச் சித்திதான் கவனித்தார். "காலையில் கஞ்சிக்கு உப்பு போதாது என்று அக்கா சொன்னாள், இப்போது எது கேட்டாலும் உம் என்று மட்டும் சொல்கிறாள், கண்ணைத் திறக்க யோசிக்கிறாள்" என்று சிஸ்டரிடம் போய்ச் சொன்னார். அன்று திட்டிய அதே சிஸ்டர்தான் டியூட்டி. உடனே டாக்டரைக் கூப்பிட்டு, திறந்துவிட்டு, சிடிக்கு அனுப்பினார்கள். நீர் அறைகள் மறுபடி பெருத்திருந்தன. திறந்த ஒரு மணி நேரத்தில் அம்மா தண்ணீர் கேட்டார். சிஸ்டர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா" என்றார். சித்தி வராண்டாவில் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஷன்ட் வைக்க நாங்கள் சம்மதித்துவிட்டோம், அப்பாதான் கையெழுத்துப் போட்டார். நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், கிருமி இல்லை என்று வந்தால் செவ்வாய்க்கிழமை. அட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று சித்தி கேட்கச் சொன்னார்.

கருங்கல் சிஸ்டர்:

வால்வு வைத்த பக்கம் அழுந்தாமல், தையல் ஆறும் வரை மறுபக்கம் திரும்பிப் படுக்கட்டும். எழுந்து உட்காருவது டாக்டர் சொல்கிற கணக்குப்படி மெல்ல மெல்ல. ஷன்ட் வந்த பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், வால்வு எந்த வகை, என்ன அழுத்தம் என்று அதில் இருக்கும், அதை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லி போனில் படமும் எடுத்து வை. வெளியிலிருந்து அழுத்தம் மாற்றுகிற வகையாக இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் அவர்களிடம் காட்ட வேண்டும், காந்தத்தில் சில வால்வுகளின் அளவு மாறிவிடும். பிரஷர் மாத்திரையை இனிச் சித்தி கையால் கொடுக்கட்டும்.