கச்சத்தீவில் வலை காயவைக்கும் உரிமையால் இன்று என்ன பயன்?

கடலாடி:
கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைப் படியுங்கள். இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்புபோலவே விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம். 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் இருந்த பழைய உரிமைகள் தொடரும் என்கிறது. அதை நிலைநாட்டாமல் நம் மீனவரை இலங்கைக் கடற்படை கைது செய்வது நிற்காது.

நெடுந்தீவான்:
5இல் போய்வரத்தான் அனுமதி, மீன்பிடிக்க இல்லை. இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட 1976 மார்ச் கடிதங்கள், அனுமதியின்றி மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன.

கடலாடி:
1976 ஒப்பந்தம் எல்லை போட்டது மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும். கச்சத்தீவு இருக்கும் பாக் நீரிணைக்கு அதை இழுக்காதீர்கள்.

நெடுந்தீவான்:
கடிதத்தில் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்றும் எழுதியிருக்கே. அது பாக் விரிகுடா இல்லாமல் வேறு எது?

வலைகட்டி:
சட்டத்தை விட்டு வலைக்கு வாங்க. பருத்தி நூல் வலை ஈரத்தோடு கிடந்தால் மக்கிவிடும். மீன்பிடிப்பு முடிந்ததும் விரித்துக் காயப்போட்டே ஆகணும், கிழிசலையும் அங்கேயே முடிச்சுப் போட்டுச் சரிசெய்யணும். நல்ல தண்ணீர் இல்லாத 285 ஏக்கர் திட்டு அதற்குத்தான் பயன்பட்டது. நைலான் வந்ததும் அந்தத் தேவை போச்சு. இன்று விசைப்படகுக்காரர் தேடுவது தீவையல்ல, அதற்கு அப்பால் உள்ள இறாலை. இரு நாட்டுக் கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 1 கடல் மைலில்தானே போகுது!

நெடுந்தீவான்:
அதுதான் பிரச்சினை. எங்கட வட இலங்கை ஆட்கள் இரவில் வழிவலையை, அதாவது கடலில் மிதக்கவிடும் வலையை, விட்டுக் காத்திருப்பினம். விசைப்படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் வலையான இழுவைமடியின் பலகையும் அடிச்சங்கிலியும் அதை அறுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் 15 மீட்டருக்குள் உள்ள கடல், அடித்தரை முழுக்க உழப்படுது. இலங்கையில் 2017இலேயே இழுவைமடிக்குத் தடை. எங்கட படகு இழுத்தாலும் குற்றம்தான்.

கடலாடி:
சரி, மடியை விட்டுவிட்டு எங்கே போவது? இழுவைமடிக்குப் பதிலாக ஆழ்கடல் படகு வாங்க மானியம் தரும் திட்டத்தில், 2017இல் படகு விலை 80 லட்சமாக இருந்தது. மத்திய அரசு 50%, மாநிலம் 20%, வங்கிக் கடன் 20%, மீனவர் 10%. கையிலிருந்து 8 லட்சம், கடன் 16 லட்சம்.

வலைகட்டி:
பணம் ஒரு பக்கம். பாக் விரிகுடாவில் சூரை மீனுக்கு ஆழம் கிடையாது, மன்னார் வளைகுடா அல்லது வங்கக் கடலுக்குப் போகணும். ஒரு ராத்திரித் தொழில் பழகிய ஆளுக்குப் பல நாள் ஐஸ், டீசல் கணக்கு, நீளக் கயிற்றில் ஆயிரம் தூண்டில் கோர்க்கும் பழக்கம் எல்லாமே புதுசு. மானியம் தருகிறவர்கள் முதலில் அந்தத் தொழில் தெரிந்த கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்களை ஓரிரு பருவம் கூடவே அனுப்பட்டும்.

கடலாடி:
அனுப்பட்டும். ஆனால் அதுவரை பிடிபடும் படகுகளை நாட்டுடைமையாக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நெடுந்தீவான்:
அறுந்த வலைக்கு யார் காசு தருவது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.