மறுமொழி: கொழும்பு மாஸ்ரருக்குக் காசு சேர்க்கிற விஷயம்

ஊர்ச் சனம் எல்லாருக்கும்,

கொழும்பிலை பிள்ளையளுக்குக் கிக்பொக்சிங் பழக்கிற எங்கட ஊர் மாஸ்ரருக்கு றிங், அதுதான் கயிறு கட்டின சண்டை மேடை, வாங்கிக் குடுக்கக் காசு சேர்ப்பம் எண்டு செயலாளர் மடல் போட்டு ஒம்பது நாளாச்சு. பதினாலு பேர் எழுதியிருக்கிறியள். றிங் எவ்வளவு பெரிசா இருக்கவேணும், பெயர்ப்பலகையிலை ஊர்ப்பேர் முன்னுக்கோ சங்கத்தின்ர பேர் முன்னுக்கோ எண்டெல்லாம் வாசிச்சன். மாஸ்ரருக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் அவரிட்டைக் கேக்கேல்லை. நான் கேட்டனான். சின்னம்மாவின்ர அந்தியேட்டிக்குப் போய் வெள்ளவத்தையிலை மூண்டு கிழமை நிண்டனான். பின்னேரம் முழுக்க மாஸ்ரர் பழக்கிற மண்டபத்திலைதான். நீட்டி எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலிலை கண்டதைச் சொல்லுறன். ஒரு மத்தியானம், கடற்கரைத் தண்டவாளப் பக்கமா நடந்து வாறன். சரியான வெயில். ஒரு பெடியன் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடுறான். கோட்டுக்குள்ளை குப்பை போடுற கறுத்தப் பொலித்தீன் பை, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை வெட்டினது. கையிலை ஒரு போத்தல். குடிக்கிற தண்ணியாக்கும் எண்டு பாத்தால், அதுக்குள்ளை துப்பித் துப்பிக்கொண்டு ஓடுறான். பதினாலு வயசு. எங்கட மாஸ்ரரின்ர வகுப்புப் பிள்ளை. பேர் எழுதமாட்டன்.

மறிச்சு இருத்தினன். உதடு வெடிச்சுக் கிடந்தது. புறங்கைத் தோலை நுள்ளி விட்டன். நுள்ளின மடிப்பு அப்பிடியே நிண்டுது, இறங்கேல்லை. உடம்பிலை தண்ணி வத்திப்போச்சு. இருபத்திரண்டு வருஷமா சிறுநீரக வோர்ட்டிலை வேலை செய்யிறன், அந்த மடிப்பைப் பாத்தவுடனை எனக்கு நெஞ்சு பதறினது. ஏன் ராசா இப்பிடி எண்டு கேட்டன்.

"45 கிலோ நிக்கிறன் அன்ரி. 42 கிலோப் பிரிவுக்கு இறங்கினால் மெடல் கட்டாயம். மெடல் எடுத்தால் சங்கம் ஐம்பதாயிரம் தருமாம்."

அந்த ஐம்பதாயிரம் போன வருஷ ஒன்றுகூடலிலை நாங்கள் அறிவிச்சது. நானும் கைதட்டினனான்.

1997இலை அமெரிக்காவிலை மூண்டு கல்லூரி மல்யுத்தப் பெடியள் ஒன்றரை மாசத்துக்குள்ளை செத்தவை. மூண்டு பேரும் நிறை குறைக்க வெக்கைக்குள்ளை நிண்டு வேர்வையைக் கக்கப்பண்ணினவை. 2015 டிசெம்பரிலை யாங் ஜியான் பிங் எண்ட சீனப் பெடியன், 21 வயசு, மணிலாவிலை போட்டிக்கு நிறை குறைக்கப் போய் விழுந்தவன், எழும்பேல்லை. அதுக்குப் பிறகுதான் அந்தப் போட்டியை நடத்தின வண் சம்பியன்ஷிப், நீர் வத்தப்பண்ணி நிறை குறைக்கிறதைத் தடைசெய்தது. அவங்கள் வளந்த பெடியள், பயிற்சியாளரும் ஆக்களும் பக்கத்திலை. இது பதினாலு வயசுப் பிள்ளை, தண்டவாளத்திலை தனிய.

மாஸ்ரரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். அவர் ஒரு சொல் ஏசேல்லை. கோட்டைக் கழட்டி, பொலித்தீனைக் கிழிச்செறிஞ்சுபோட்டு, வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற் ஒண்டைக் கரைச்சு மிடறு மிடறாக் குடிக்கப்பண்ணினார். பிறகு மண்டபத்து மூலையிலை கிடந்த தராசைத் தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினார். அந்தப் போட்டியிலையிருந்து பெடியன்ர பேரையும் எடுத்துப்போட்டார். தகப்பன் வந்து படியிலை நிண்டு சத்தம் போட்டுட்டுப் போனது. பெடியனையும் அடுத்த நாளிலையிருந்து அனுப்பேல்லை.

பிறகு பிறந்த ஆக்களுக்கு இவர் ஆர் எண்டு தெரியாது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடை வெளிக்கிட்டு, வன்னியாலை சுத்திக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் அறையிலை ஆறு பேரோடை ஏழாவது ஆளாக் கிடந்தவர். ஊரிலை பழகின கராத்தேயை நம்பித்தான் கிக்பொக்சிங் றிங்கிலை ஏறினது. உயரக் கால் போகும், ஆனால் தொடையிலை உதைக்கிறவனை என்ன செய்யிறது எண்டு தெரியாது. முதல் சண்டை ரெண்டாம் சுற்றிலை இடது தொடை கல்லாப்போச்சுதாம். திரும்பி வரேக்கை 100ஆம் நம்பர் பஸ்ஸின்ர மிதிபலகைக்குக் கால் தூக்கேலாமல் நிண்டவரைக் கொண்டக்ரர் கமக்கட்டுக்குள்ளை கை குடுத்துத் தூக்கினவனாம். அதுக்குப் பிறகு மூண்டு மாசம் வேறை ஒண்டும் பழகேல்லை. முழங்காலை உயத்தி, கால் முன்னெலும்பை வெளியாலை திருப்பித் தடுக்கிறது மட்டுந்தான்.

இன்னொண்டு அவற்றை வாயாலை இந்த முறைதான் கேட்டனான். ஒரு இரவு பயிற்சி முடிச்சு வரேக்கை சோதனைச்சாவடியிலை பையைக் கொட்டினவை. கையிலை சுத்துற துணி ரெண்டு சுருள் விழுந்தது. காயத்துக்குக் கட்டுற பண்டேஜ் எண்டு நினைச்சிட்டினம். தமிழ்ப் பெடியன், பையிலை பண்டேஜ், விரல்முட்டி உரிஞ்சிருக்கு. விடியுமட்டும் வைச்சிருந்தவை. காலமை அவரைப் பழக்கின சிங்கள மாஸ்ரர் வந்து, மேசைக்கு முன்னாலை நிண்டு, அந்தத் துணியைத் தன்ர கையிலை சுத்திக் காட்டினாராம். பெருவிரலிலை கொழுவி, மணிக்கட்டிலை மூண்டு சுத்து, விரலிடுக்குகளாலை எடுத்து, முட்டிக்கு மேலாலை. அதைப் பாத்த பிறகுதான் விட்டவை. இண்டைக்கும் புதுப்பிள்ளை ஆர் வந்தாலும் முதல் கிழமை துணி சுத்த மட்டுந்தான் எங்கட மாஸ்ரர் பழக்கிறார். ஏன் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறேல்லை.

பிறகு ரெண்டு தரம் தேசிய மட்டத்திலை முதலாமிடம் எடுத்தவர். சுவிஸ் மச்சான், நீங்கள் எழுதின மாதிரி "உலக சம்பியன்" இல்லை, தயவுசெய்து அதைப் பதாகையிலை போடாதையுங்கோ. கிக்பொக்சிங்கிலை ஒரே உலகப் பட்டம் எண்டு கிடையாது. 1976இலை தொடங்கின வாக்கோ எண்ட உலகக் கிக்பொக்சிங் அமைப்பைத்தான் 2021இலை சர்வதேச ஒலிம்பிக் குழு முழுசா அங்கீகரிச்சது. அதைவிட எத்தினையோ அமைப்புகள் தங்கட தங்கட பெல்ற் குடுக்கினம். எந்த உலகம் எண்டு ஆராவது கேட்டால் தலைகுனியிறது மாஸ்ரர்தான். அவர் பிள்ளையளுக்குத் தன்ர பட்டத்தைச் சொல்லுறேல்லை. அமெரிக்கக் கிக்பொக்சிங் வீரர் பில் வொலஸின்ர கதையைத்தான் சொல்லுறவர்: ஜூடோவிலை வலது முழங்கால் போய், இடது காலாலையே உதைச்சு, 1974இலை பட்டம் எடுத்து, 1980இலை தோல்வியே இல்லாமல் விலகினவர். வகுப்பிலை முழங்கால் நோவோடை ஒரு பெட்டைப்பிள்ளை இருக்கு. அவவுக்காகச் சொல்லுற கதை அது.

இப்ப றிங். சின்னப் பிள்ளையள் செய்யிறது பொயின்ற் பைற், லைற் கொன்ராக்ற், கிக் லைற் எண்ட, பலத்தை அடக்கி அடிக்கிற வகையள். மூண்டும் பாயிலை நடக்கிறது. றிங் வேண்டியது முழுப் பலத்தோடை அடிக்கிற புல் கொன்ராக்ற், லோ கிக், கே-1க்குத்தான். அவரிட்டை நாப்பது பிள்ளையள், அதிலை றிங்கிலை ஏற்றக்கூடிய ஆக்கள் நாலோ அஞ்சோ. மண்டபம் கடைக்கு மேல்மாடி, வாடகை, முகடும் பதிஞ்சு கிடக்கு.

பாய் பல்லுப்பல்லாக் கொழுவுற இறப்பர்ப் பாய், பத்து வருஷப் பழசு. இடைவெளி விட்ட இடமெல்லாம் மண்ணிற ரேப் ஒட்டியிருக்கு, வேர்வை பட அது கழண்டு சுருளுது. நான் நிக்கேக்கையே ஒரு பிள்ளையின்ர கால் சின்னவிரல் இடுக்கிலை மாட்டி முறிஞ்சது. உதை வாங்கிற பாட் மூண்டு, ஒண்டு வெடிச்சுப் பஞ்சு தெரியுது. மாஸ்ரரின்ர இடது மணிக்கட்டு வலதைவிட ஒண்டரை மடங்கு வீங்கியிருக்கு. இருபது பிள்ளை வரிசையா வந்து உதைக்கேக்கை அது முழுக்க இறங்கிறது பிடிக்கிறவற்றை கையிலைதான். சண்டை பிடிச்ச காலத்திலை வாங்காததை இப்ப வாங்கிறார். 2022இலை கரண்ட் இல்லாத நாளிலும் ரோச் கட்டித் தொங்கவிட்டு வகுப்பு நடத்தினவர்.

என்ரை வேண்டுதல் இதுதான். மெடலுக்குக் குடுக்கிற ஐம்பதாயிரத்தை இண்டையோடை நிப்பாட்டுங்கோ. அந்தக் காசையும் றிங்குக்குச் சேர்த்ததையும் பாய்க்கும் பாட்டுக்கும் தலைக்கவசத்துக்கும், போட்டிக்கு முதல் பிள்ளையளைப் பாக்க ஒரு டொக்டருக்கும் குடுங்கோ. முன்னூறு கனேடியன் டொலர் நான் இண்டைக்கே போடுறன்.

தேர்முட்டியடிப் பெரியக்கா, ஸ்காபரோ

* * *

பெரியக்கா,

வாசிச்சன். பிள்ளையின்ர விஷயம் மனசைக் குழப்பிப்போட்டுது. எண்டாலும் பொருளாளர் எண்ட முறையிலை கேக்கவேண்டியதைக் கேக்கவேணும். பாய் ஆற்றை பேரிலை வாங்கிறது? மண்டபக்காரன் நாளைக்கு எழும்பச் சொன்னால் பாயும் பாட்டும் எங்கை போறது? மூண்டு கடையிலை விலை எழுத்திலை எடுத்து அனுப்பச்சொல்லுங்கோ. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதம் வெளிக்கிடாது. கிணத்துக் காசிலை நடந்தது உங்களுக்கும் தெரியும்.

2022 தொடக்கத்திலை வங்கியிலை டொலர் 200 ரூபா அளவிலை நிண்டது, வங்கிக்கு வெளியாலை காசு மாத்திற உண்டியல்காரர் கூடக் குடுத்தவை. நான் வங்கியாலைதான் அனுப்புவன் எண்டு நிண்டதுக்கு இந்தக் குழுவிலை என்னை ஊர்த்துரோகி எண்டு எழுதினவை. எழுதினவை இன்னும் இங்கை இருக்கினம். ஒருத்தரும் திரும்பி எடுக்கேல்லை. கணக்கு அண்டைக்கும் சரி, இண்டைக்கும் சரி. அந்த நெஞ்சு நோவோடைதான் இந்தப் பொறுப்பிலை இருக்கிறன்.

பரிசை நிப்பாட்டுறதுக்கு என்ரை சம்மதம்.

கிளாக்கர் வீட்டு மூத்தவர், லண்டன்

* * *

மச்சாள்,

பரிசை அறிவிச்சது நான். அந்தப் பெடியன் பொலித்தீன் போட்டு ஓடினதை வாசிச்சாப் பிறகு இரவு நித்திரை இல்லை. என்ரை மகனுக்கும் அதே வயசு.

ஆனால் நான் ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டதையும் கேளுங்கோ. நாங்கள் பழகின காலத்திலை பள்ளிக்கூட மண்டபத்திலை பெற்றோல்மாக்ஸ் கொழுத்தி, சாக்கை விரிச்சுத்தான் கராத்தே. மாஸ்ரர் எங்களிலை சின்னவர், தண்ணி அள்ளிக்கொண்டு வந்து வைக்கிறது அவர். அண்டைக்கு அதிலை நிண்ட பதினொரு பேரிலை இப்ப எத்தினை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்குச் சொல்லத்தேவையில்லை. மிஞ்சின ஒருத்தன் கொழும்பிலை எங்கட ஊர்ப் பேரோடை நிமிந்து நிக்கிறான் எண்டது எனக்குச் சின்ன விஷயமில்லை. உலக சம்பியன் எண்டு எழுதினது அந்த ஆசையிலை. பிழை எண்டால் எடுத்துவிடுறன். ஆனால் பாயிலை எங்கையாவது ஒரு மூலையிலையாவது ஊர்ப்பேர் இருக்கவேணும். இதிலை நான் விட்டுக்குடுக்கமாட்டன். தேர்த்திருப்பணிக் கல்வெட்டிலை எங்கட அப்பாவின்ர பேரை விட்டதையும் நான் மறக்கேல்லை.

ஆயிரம் பிராங் போடுறன்.

வாசிகசாலையடி, சூரிச்

* * *

அண்ணை, மச்சான்,

மண்டப உடன்படிக்கை இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறன். பாய் கழட்டி அடுக்கலாம், ஒரு சின்ன லொறி காணும். மூண்டு கடை விலையையும் மருமகன் புறக்கோட்டையிலை விசாரிச்சு எழுதுவான். பற்றுச்சீட்டு ஒவ்வொண்டும் உங்கட கைக்கு வரும், அண்ணை. 2022இலை உங்களை எழுதினவையிலை என்ரை தம்பியும் ஒருத்தன். அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன், அவன் கேக்காட்டிலும்.

மச்சான், ஊர்ப்பேர் போடுறதுக்கு மாஸ்ரருக்குச் சந்தோஷம். பாயிலை வேண்டாமாம், பிள்ளையள் மிதிப்பினமாம். பாட்டிலை, தான் பிடிக்கிற பக்கத்திலை போடட்டாம்.

நேற்றிரவு ரெலிபோன் எடுத்தவர். திங்கட்கிழமை அந்தப் பெடியன் வந்தவனாம், தகப்பன்தான் மோட்டார்சைக்கிளிலை கொண்டுவந்து கீழை இறக்கிவிட்டதாம். மேலை ஏறி வரேல்லை. அலுமாரியைத் திறந்து நிறுத்திருக்கிறார். 45 கிலோ 600 கிராம். அடுத்த போட்டிக்கு 47 கிலோப் பிரிவிலை பேர் குடுத்திருக்கிறாராம்.

பெரியக்கா