மேகத்துக்கு மேலே சிவப்பு ஒளி: மலையகத்தில் வேறு யாராவது பார்த்தீர்களா?

அப்புத்தளைக்காரன்:
ஐப்பசி மாதம், எங்கள் பக்கம் மழை விட்டிருந்த இரவு. மலை ரோட்டில் நின்றால் தெற்கே கீழ்நாடு முழுவதும் விரியும் என்பது தெரிந்ததுதானே. கடலுக்கு மேலே வெகு தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. ஒரு பெரிய வெட்டு மேகத்தை உள்ளிருந்து வெளுக்கவைத்தது. உடனே, மேகத்தோடு ஒட்டாமல், வெறும் வானத்தில், ஆலம்விழுதுபோலச் சிவப்பாக ஏதோ தொங்கியது. மேலே தடிப்பு, கீழே நார்நாராக. இமைப்பதற்குள் மறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணன் பீடி பற்றவைக்கக் குனிந்திருந்தார். இன்றுவரை நம்பவில்லை.

பதுளை வாசகி:
அதன் பெயர் ஸ்பிரைட், அண்ணா. நான் பார்த்தது நீலம். பண்டாரவளையிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். மேகத்தின் தலையிலிருந்தே ஒரு தாரை பீறிட்டு ஏறியது, ஏறுவதே கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் புளூ ஜெட் என்று பெயர், 40, 50 கிலோமீட்டர் உயரம்வரை போகும் என்று பிறகு படித்தேன். உங்களுடையது மேகத்திலிருந்து புறப்படவில்லை, அதனால் அது வேறு சாதி.

அட்டன் தம்பி:
ஸ்பிரைட் என்பது சரி. சிவப்பு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பை எளிதில் பிடிக்காது. மேற்கே நான் கண்டது வெறும் சாம்பல் நிறம். படங்களைப் பார்த்த பிறகு நினைவுக்கும் நிறம் ஏறிவிடும்.

நானுஓயாவிலிருந்து:
ஸ்பிரைட்டை நான் ஒரு முறை பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லா மின்னலுக்கும் இது வராது. பெரும்பாலும் மேகத்தின் நேர்மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் பலமான மின்னலுக்குப் பிறகே வரும். அவ்வளவு மின்னேற்றம் சட்டென்று இறங்கியதும் மேலே மின்புலம் எகிறுகிறது. 70, 80 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிது, அதனால் அங்கே மின்னிறக்கம் நடந்து நைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. 1920-களிலேயே சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் இப்படி நடக்கலாம் என்று எழுதினார். 1989-இல்தான் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் வேறு வேலைக்காகச் சோதித்த கெமராவில் தற்செயலாகப் பதிந்தது. தலைக்கு மேல் இடிக்கும்போது அண்ணாந்து பார்ப்பது வீண், உயிருக்கும் ஆபத்து. புயல்மேகம் 200, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இடையில் வானம் தெளிவாக இருக்க வேண்டும். 300 கிலோமீட்டர் என்றால், அடிவானத்துக்கு மேலே, நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி உயரத்தில் பாருங்கள். மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். கெமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோ எடுங்கள். தேயிலைக்குள் இறங்காதீர்கள், அட்டை கடிக்கும்.

அப்புத்தளைக்காரன்:
தம்பி, சிவப்புதான். நார்களின் அடியில் கொஞ்சம் நீலமும் இருந்தது. நானுஓயா ஐயா, கெமராவை நீங்களே வாங்கித் தந்தால் ஸ்டாண்டை நான் சுமக்கிறேன்.