சட்டையில் குத்திய பெயர்

பிள்ளைகள் முதன்முதலாக வேலைக்குப் போன அனுபவத்தை நம் குழுவில் யாராவது எழுத மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மயிலாடுதுறை பக்கம். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. வீடு டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில். மூத்தவனுக்கு 16 வயது. 2024 டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய கடையில் 'கேஷுவல்', அதாவது தற்காலிக வேலைக்குச் சேர்ந்தான். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குக் கடைகளில் கூடுதல் ஆள் வேண்டும், பிள்ளைகளுக்கும் லீவு. இந்த ஊரில் இது சாதாரணம். 15 வயது ஆகாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். இவன் அதைத் தாண்டிவிட்டான்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் படிக்கிற பையனை வேலைக்கு அனுப்பினால், 'அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ' என்பார்கள். அந்தப் பயம் இத்தனை வருஷம் கழித்தும் என்னை விடவில்லை. அம்மாவிடம் தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறேன், இதை மட்டும் சொல்லவே இல்லை. "பேரன் எங்கே?" என்று கேட்டால் "வெளியே போயிருக்கான்மா" என்று சமாளித்தேன்.

முதல் நாள் ராத்திரி கால் இரண்டும் வீங்கி வந்தான். ஆறு மணி நேரமும் நின்றபடியே வேலை. வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைக்கச் சொன்னேன். அப்போதுதான் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டை கண்ணில் பட்டது. அவன் பெயரில் ழகரம் வரும். (பெயரை இங்கே எழுதவில்லை, அவனுக்குப் பிடிக்காது.) அட்டையில் அதைப் பாதியாக நறுக்கி, ஏதோ வெள்ளைக்காரப் பிள்ளை பெயர் மாதிரி அடித்திருந்தார்கள். கூப்பிட இதுதான் சுலபம் என்றாராம் மேனேஜர்.

"போகட்டும் விடுடா, ரெண்டு வாரம்தானே" என்றேன். நான் சொன்னது அதுதான், மறைக்க விரும்பவில்லை.

பக்கத்தில் என் மாமியார் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆயா. கையை நீட்டி அந்த அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார்கள். "உன் தாத்தாவோட தாத்தா கப்பல்ல வந்தப்ப நம்பர் குடுத்தாங்க. பேரு அப்புறந்தான்" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம், ஆரம்பத்தில் ஆண்களுக்கு மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். பெயர்கள் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி காகிதத்தில் ஏறின. நான் புதுப்பெண்ணாக வந்தபோது வீட்டு வாசலில் 'மூட்லி' என்று இருந்ததைப் பார்த்து, யாரோ வெள்ளைக்காரர் வீடு என்றே நினைத்தேன். முதலியார்தான் மூட்லி ஆகியிருக்கிறது. கவுண்டர் என்பது கோவெண்டர் ஆனதும் அப்படித்தான்.

மறுநாள் பையன் கால் மணி நேரம் முன்னாடியே கிளம்பினான். அந்த வருஷம்தான் அவனுக்கு அடையாள அட்டை எடுத்திருந்தோம், அதையும் எடுத்துப் போனான். மேனேஜர் மேஜையில் அதை வைத்து, "சார், என் பெயர் இது. முழுசாகப் போட்டுக் கொடுங்கள். கூப்பிடக் கஷ்டமாக இருந்தால் நான் சொல்லித் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறான். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. மூன்றாம் நாள் புது அட்டை வந்தது, ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. கூட வேலை செய்யும், இந்த மண்ணின் ஜுலு இனத்து அக்கா ஒருத்தர் ஒரே நாளில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்லப் பழகிவிட்டாராம். "நம்ம ரெண்டு பேர் பேரையுமே இவங்க வெட்டத்தான் பார்ப்பாங்க" என்று அவனிடம் சொன்னாராம்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது அந்த அட்டையைப் பார்த்தபோதுதான். சம்பளம் பிற்பாடுதான் வந்தது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ராண்ட். ஒன்பது நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 1,489 ராண்டும் சில்லறையும். வேலையில்லாக் காலக் காப்பு நிதிக்கு ஒரு சதவீதம் பிடித்தது போக மீதி வங்கிக் கணக்கில் விழுந்தது. ஃபோனில் காட்டினான். ஆயாவுக்கு அது போதவில்லை, "எங்கடா பணம்?" என்றார்கள். ஏடிஎம்முக்கு ஓடி நூறு ராண்ட் நோட்டு ஒன்று எடுத்து வந்தான். அதைத் தட்டில் வைத்து, குங்குமம் தொட்டு, விளக்கு முன்னால் வைத்தார்கள். ஆயாவும் பதினாறு வயதில் டர்பன் துணி ஃபாக்டரியில் தைக்கப் போனவர்கள்தான். வெள்ளிக்கிழமை கொடுக்கும் பழுப்புக் கவரைப் பிரிக்காமல் அப்படியே அப்பா கையில் கொடுத்துவிடுவார்களாம். உள்ளே எவ்வளவு இருந்தது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லையாம். அதனாலோ என்னவோ, பேரனின் சம்பளச் சீட்டை வாங்கி வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், இரண்டு தடவை.

இன்னொன்று. கடையில் பழைய தேதி முன்னால், புதுசு பின்னால் என்று அடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது என் ஃபிரிட்ஜில் பால் அப்படித்தான் இருக்கிறது. தயிரும் அப்படியே. நான் மாற்றி வைத்தால் வந்து சரிசெய்கிறான்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு பதில்:

அக்கா, படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் பெண்ணுக்கு வேறு மாதிரி ஆயிற்று. சின்னக் கடை ஒன்றில் 'ட்ரையல்' என்று இரண்டு நாள் நிற்க வைத்துவிட்டு, மூன்றாம் நாள் ஆள் வேண்டாம் என்றார்கள். காசு தரவில்லை. அழுதுகொண்டு வந்தாள். விசாரித்தோம். ட்ரையல் என்றாலும் வேலை வேலைதான். அதோடு, நாலு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினாலும் அன்றைக்கு நாலு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். நான் போய்க் கேட்கிறேன் என்றேன். "வேண்டாம்பா, நீங்க கார்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பணத்தோடு வந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷம் இல்லை.

*

லெனேசியாவிலிருந்து:

நல்ல விஷயம்தான் அம்மா. ஆனால் பன்னிரண்டாவது வரும்போது என்ன செய்வீர்கள்? காசு ருசி கண்டால் படிப்பு போய்விடும் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நிற்கிறார். பையன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

*

மறுபடியும் சாட்ஸ்வொர்த்:

தம்பி, உங்கள் பெண்ணுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். காரிலேயே உட்கார்ந்திருந்தீர்களே, அதுவும் லேசான காரியம் இல்லை.

லெனேசியா அம்மாவுக்கு: அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. பள்ளி திறந்ததும் சனிக்கிழமை மட்டும் என்று பேசி வைத்தோம். பன்னிரண்டாவது வந்தால் அதுவும் கிடையாது, அவனே ஒப்புக்கொண்டான். உங்கள் வீட்டுக்காரரிடம் லீவுக்கு மட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பொங்கலன்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புடி" என்றார்கள். அனுப்பினேன். தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தார்களாம்.