அஞ்செட்டி, ஒகேனக்கல், சித்தேரி: சைக்கிளில் மலை ஏறுபவர்கள் கவனிக்க வேண்டியவை

தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் ஊர்க்காரர்கள் அவரவர் பக்கத்து மலையைப் பற்றிச் சொல்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை:
சைக்கிளில் சத்தமே இல்லை. இந்தக் காட்டில் முதல் ஆபத்து அதுதான். பஸ்ஸோ டூவீலரோ வந்தால் யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கிவிடும். சைக்கிள் வளைவைத் திரும்பி இருபதடியில் போய் நிற்கும்போதுதான் அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். மிரண்ட யானைதான் அடிக்கும். அதனால் தேன்கனிக்கோட்டை - அஞ்செட்டி ரோட்டிலும், நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும் ரோட்டிலும், எதிரே தெரியாத ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். யானை கண்ணில் பட்டபிறகு பெல், விசில், போன் ஃப்ளாஷ் எதுவுமே வேண்டாம்.

பலரும் செய்யும் தப்பு, வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவது. ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இங்கே வரும். பொழுது சாய்ந்ததும் வயலுக்கு இறங்கும். வயலில் பரண் கட்டிக் காவல் இருப்பவர்கள் வெடி போட்டு, டார்ச் அடித்து விரட்டுவார்கள். விடியும் நேரம் அதே ரோட்டைத் தாண்டித்தான் காட்டுக்குத் திரும்பும். ராத்திரி முழுக்க விரட்டுப்பட்ட யானை அது. காலை ஏழரைக்குமேல் காட்டுக்குள் நுழைந்து, மாலை நாலரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

ரோட்டில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் பாருங்கள். மேலே ஈரம் பளபளத்து ஆவி பறந்தால் யானை பக்கத்திலேயே இருக்கிறது. மேலே காய்ந்து உள்ளே மட்டும் ஈரமாக இருந்தால் போய்ச் சில மணி நேரம் ஆகியிருக்கும். மூங்கில் முறியும் சத்தம் கேட்டாலும் நின்றுவிடுங்கள். முதலில் சைக்கிளை வந்த வழிக்குத் திருப்பி, லேசான கியரில் வைத்துவிட்டு, அப்புறம் பாருங்கள். காதை விரித்துப் பிளிறினால் பெரும்பாலும் மிரட்டல்தான். காதை ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் அது அடிக்க வருகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். பை மாட்டிய சைக்கிள் ஏற்றத்தில் 7, 8 தாண்டாது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெரிய பாறைக்குப் பின்னால் போய்விடுங்கள். பையை எடுக்க நிற்கவே கூடாது.

பென்னாகரம்:
ஒகேனக்கல் இறக்கம் பற்றி. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர் ரோட்டில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் கையை எடுத்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தி ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறினால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். பிரேக் கட்டையில் பள்ளக்கோடு மறைந்துவிட்டால் அதோடு மலை இறங்க வேண்டாம். கட்டையில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊக்கால் நோண்டி எடுத்துவிடுங்கள், ரிம்மைத் தின்பது அதுதான். கோடை மழை பெய்த மறுநாள் வளைவின் உள் ஓரத்தில் மணல் அரித்துக் கிடக்கும், அங்கே சாய்க்கக் கூடாது.

தரைப்பாலத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். இங்கே வெயில் அடித்தாலும் அதை நம்பாதீர்கள். முழங்கால் அளவு ஓட்டம் ஆளையே தள்ளிவிடும். சைக்கிளைத் தோளில் போட்டால் இன்னும் சீக்கிரம் தள்ளும். மழை விட்டால் காட்டாறு சில மணி நேரத்தில் வடியும், காத்திருங்கள். காவிரி அப்படியில்லை. கர்நாடக அணைகளில் திறந்துவிட்டால் இங்கே மழையே இல்லாமல் ஏறும். பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று காலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

குரங்குத் தொல்லைக்கு, தின்பண்டத்தைக் கேரியரில் வெளியே தெரியும்படி கட்டாமல் இருந்தாலே போதும்.

அரூர்:
சித்தேரிப் பக்கம் மலைத்தேனீயைச் சொல்லாமல் விட முடியாது. அதன் கூடு உயரமான மரக்கிளைக்கு அடியிலும் பாறை விளிம்புக்கு அடியிலும் கறுப்புப் பலகை மாதிரி தொங்கும். நிழல் என்று நினைத்து அதன் கீழே பஞ்சர் ஒட்ட உட்காராதீர்கள். ஒன்று கொட்டினாலே அந்த வாசனைக்கு மற்றவை கிளம்பிவிடும். கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடி, இறக்கமாக இருந்தால் மிதியுங்கள், இல்லையென்றால் ஓடுங்கள். சில நூறு மீட்டராவது நிற்கக் கூடாது. தண்ணீரில் குதித்தால் தலை தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஹெல்மெட் ஓட்டைக்குள் தேனீ சிக்கும், தப்பி வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிடுங்கள். தோலில் இருக்கும்வரை விஷம் இறங்கும். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ அதற்குமேல் மிதிக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டை:
அரூர்க்காரர் சொன்னதோடு ஒன்று. அஞ்செட்டி தாண்டினால் பல இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது. 108-ஐக் கூப்பிட, டவர் கடைசியாக எந்த ஊரில் எடுத்தது என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குள் இறங்குவோம் என்பதைச் சோதனைச்சாவடியிலும் சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு ஒற்றை யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.