சமீபத்துல பாத்த படத்துக்கு மார்க்கு போடுங்க, நம்ம வடசென்னை ஏரியாவ கத்தி இல்லாம காட்டுன படம் இருந்தா அதையும் சொல்லுங்க

கொருக்குப்பேட்ட கேட்டு:
வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா நைட்டு சாப்ட்டு முடிச்சதும் ஒரு படம்னு ஓடிட்டு இருக்கு, சிலது புதுசு, சிலது மறுபடியும் பாக்கறது. என் மார்க்கு கீழ போட்டுருக்கேன், உங்களுதையும் சொல்லுங்க.

லப்பர் பந்து, 9/10. 2024ல வந்தப்போ தியேட்டர்ல விட்டுட்டேன், இப்பதான் பாத்தேன். மாமனாருக்கும் மருமவனாகப் போறவனுக்கும் கிரிக்கெட் கிரவுண்டுல வந்த ஈகோ, அவ்ளோதான் கத. வில்லன்னு ஒருத்தன் கிடையாது, ஆனா ஜாதி பாத்து ஒருத்தன டீம்ல சேக்காம விடறத எவ்ளோ சாதாரணமா சொல்லிட்டு போறாங்க, அங்கதான் வலிக்குது. அட்டகத்தி தினேஷ் அந்த மாமனார் கெத்துவாவே வாழ்ந்துட்டாரு. அவரு பொண்டாட்டி யசோதா ட்ராக்டர எடுத்துட்டு கிரவுண்டுக்கு வர்ற சீன் ஒன்னு போதும், எங்க வீட்டு லேடீஸ் எல்லாம் கை தட்டுனாங்க.

டூரிஸ்ட் ஃபேமிலி, 7.5. சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பொண்டாட்டியா அவ்ளோ இயல்பு, அந்த சின்ன பையன் கமலேஷ் வேற லெவல். அவங்க குடிவர்ற கேசவ நகர்ல இருக்கறவங்க எல்லாம் வரிசையா நல்லவங்களா மாறிடறது மட்டும் கொஞ்சம் ஈசியா முடிச்ச மாதிரி இருந்துச்சு.

வட சென்னை, மறுபடியும் பாத்தேன், 8. மேக்கிங்ல குறையே சொல்ல முடியாது, ஆண்ட்ரியாவோட சந்திரா மாதிரி கேரக்டர் அதுக்கப்புறம் வரல. ஆனா இந்த தடவ ஒன்னு ரொம்ப உறுத்துச்சு. ஹீரோ அன்பு கேரம் பிளேயர், பெரிய லெவல்ல ஆடணும்னு ஆசப்பட்ட பையன், கடைசில ஜெயிலுக்குள்ள நடக்கற கேரம் போட்டியிலயே ரவுடி செந்தில கத்தியால குத்தறான். நம்ம ஊர் பையன் கையில ஸ்ட்ரைக்கர் குடுத்தாலும் கத கத்திலதான் போய் நிக்குது. நிஜத்துல 2024ல அமெரிக்காவுல நடந்த உலகக் கேரம் போட்டியில மூனு தங்கம் வாங்குனது நம்ம புதுவண்ணாரப்பேட்ட காசிமா, ஆட்டோ ஓட்டறவரோட பொண்ணு. இந்த வாழ்க்கையும் இதே தெருவுலதான நடக்குது? அதான் கேக்கறேன், நம்ம ஏரியாவ வெட்டு குத்து இல்லாம, இல்ல அத மட்டுமே காட்டாம, ஒழுங்கா காட்டுன படம் எது? மார்க்கோட சொல்லுங்க.

காசிமேடு கட்டுமரம்:
தலைவா வட சென்னைக்கு 8ஆ, எனக்கு 9.5. லப்பர் பந்துக்கு நீ போட்ட மார்க்குல எனக்கு சண்ட இல்ல, ஆனா வட சென்னைய ரவுடி படம்னு மட்டும் பாக்காத. அது நெலத்த பத்துன படம். ரோடு வரப்போவுது, குப்பத்த காலி பண்ணுன்னு வர்றாங்க, குப்பத்துக்கு பெரிய தலையா இருக்கற ராஜன் முடியாதுன்னு நிக்கறாரு, அதுக்காகதான் கூட இருந்தவனுங்களே அவர முடிக்கறானுங்க, மிச்ச கதையெல்லாம் அதுலேர்ந்து வர்றதுதான். படம் எப்டி ஆரம்பிக்குதுன்னு ஞாபகம் இருக்கா, கொலைய காட்ட மாட்டாரு டைரக்டர் வெற்றிமாறன், கொன்னுட்டு ஓட்டல்ல உக்காந்து அடுத்து இன்னா பண்றதுன்னு பேசறததான் காட்டுவாரு. டேபிள் மேல ரத்தத்தோட கத்தி கிடக்கும், எவன் மூஞ்சிலயும் வீரம் இருக்காது, பயம்தான் இருக்கும். கத்திய பெருமையா காட்டற ஆளு அப்டி எடுப்பாரா? கடலோரத்துல வீடு இருக்கறவனுக்கு காலி பண்ணுன்ற வார்த்த எப்டி கேக்கும்னு எனக்கு தெரியும், அந்த சீன்லாம் வரும்போது எங்கப்பா டிவி முன்னாடி அசையாம உக்காந்துனு இருந்தாரு.

பெரம்பூர் அக்கா:
கேட்டு தம்பி, நீங்க கேக்கற கேள்விக்கே ஒரு படம் எடுத்து வெச்சிருக்காங்களே, சார்பட்டா பரம்பரை. என் மார்க்கு 9. 2021ல பிரைம்ல வந்தப்போ பாத்தது, போன வாரம் பசங்களுக்கு லீவுன்னு திரும்ப போட்டோம். ஹீரோ கபிலனோட அம்மா பாக்கியம் ஏன் பாக்சிங்னாலே வௌக்கமாத்த தூக்குறாங்க? புருஷன் ரிங்ல நல்லா ஆடுன மனுஷன், அப்றம் ரவுடித்தனத்துல போயி வெட்டுப்பட்டு செத்துட்டாரு. புள்ளையும் ஒரு நாள் அப்டியே கத்திய எடுக்கறான், ஜெயிலுக்கு போறான், வெளிய வந்து சாராயம்னு அழிஞ்சு போறான். அதுலேர்ந்து திரும்ப கிளவுச மாட்டிட்டு வர்றதுதான் படமே. கத்தி இல்லாத படம் கிடையாது, ஆனா கத்தி வேணாம்னு ஒரு அம்மா தொண்ட கிழிய கத்துற படம். ஆம்பளைங்க எல்லாரும் டான்சிங் ரோஸ் டான்சிங் ரோஸ்னு பேசுவீங்க, சரி, அந்த பாக்சரா வர்ற ஷபீர் ஃபைட்டுல காட்டுன கால் வேல யாருக்கும் வராது, ஆனா எனக்கு அம்மாவா வர்ற அனுபமா குமாரும் பொண்டாட்டியா வர்ற துஷாரா விஜயனும்தான் படம். அந்த ஒரு மார்க்கு கொறச்சது செகண்ட் ஹாஃப் இழுவைக்கு.

தியேட்டர்ல பாக்க வேண்டிய படம்ங்க அது, நாங்க பிருந்தாவுல பாத்துருப்போம். 1985ல ரஜினி வந்து தொறந்து வெச்ச தியேட்டர், 2025ல மூடிட்டாங்க, அந்த பக்கம் பஸ்ல போனாலே மனசு கேக்க மாட்டேங்குது.

வியாசர்பாடி லெஃப்ட் விங்:
மெட்ராஸ் 8.5, யாரும் இன்னும் சொல்லலையேன்னுதான் வந்தேன். ப்ரோ அதுல ஹீரோ காளி யாரு, ஐடி கம்பெனிக்கு வேலைக்கு போற பையன், ஹவுசிங் போர்டுல அப்பா அம்மா பாட்டியோட இருக்கான், பொண்ணு பாக்கறாங்க, சாயந்தரம் வந்தா ஃபிரண்டு கூட ஃபுட்பால் ஆடறான், எங்க பிளாக்குல பாதி பேரு இப்டிதான் இருக்கோம், இத அதுக்கு முன்னாடி எவன் காட்டுனான்? எங்க ஏரியாவுல காலைல கிரவுண்டுக்கு போனா சின்ன பசங்கள்லேர்ந்து பொண்ணுங்க வரைக்கும் பந்து ஒதைக்கறத பாக்கலாம், ஆனா வியாசர்பாடின்னு சொன்னா வெளிய இருக்கறவன் ஒரு மாதிரி பாக்கறான். இன்டர்வியூல அட்ரஸ் சொல்லும்போது அந்த பார்வைய நான் வாங்கியிருக்கேன், அது படம் பாத்து பாத்து வந்த பார்வதான். அதனால கேட்டு ப்ரோ கேட்டது ரொம்ப சரியான கேள்வி. மெட்ராஸ்லயும் வெட்டு இருக்கு, ஆனா காளியோட ஃபிரண்டு அன்பு சாகும்போது ஒரு ரவுடி செத்தான்னு தோணாது, மேரியோட புருஷன் போய்ட்டான்னுதான் தோணும், மேரியா வர்ற ரித்விகா அழறத என்னால ரெண்டாவது தடவ பாக்க முடியல, ஃபார்வர்டு பண்ணிட்டேன்.

மாவீரன் 7. ஃபர்ஸ்ட் ஹாஃபுக்கு மட்டும்னா 8.5. குடிசைலேர்ந்து தூக்கி பெரிய பில்டிங்ல போட்டுட்டு, அந்த செவுரு கைய வெச்சா பேந்து வருது, 2021ல புளியந்தோப்பு கே.பி. பார்க் ஹவுசிங் போர்டுல இதே மாதிரி செவுரு பேந்த நியூஸ் பாத்தவங்களுக்கு அது காமெடியே கிடையாது. செகண்ட் ஹாஃப்ல ஹீரோ காதுக்கு மட்டும் கேக்கற விஜய் சேதுபதி வாய்ஸ் நல்லாதான் இருக்கு, ஆனா ஃபைட்டுன்னு போனதும் அந்த பில்டிங்ல இருக்கற ஜனங்க பின்னாடி போய்ட்டாங்க.

கொருக்குப்பேட்ட கேட்டு:
@காசிமேடு, நெலம் பத்தி நீ சொன்னது மொத்தமும் சரி, அதுக்குதான் 8. அந்த நெலத்துக்காக நிக்கறவன் வேற வழில ஜெயிக்கற மாதிரி ஒரு கத எனக்கு வேணும், அந்த ரெண்டு மார்க்கு அதுக்கு வெச்சிருக்கேன். @பெரம்பூர் அக்கா, அம்மாவ வெச்சு அந்த படத்த நான் யோசிச்சதே இல்ல, இந்த சண்டே வீட்ல போடறேன். @லெஃப்ட் விங், இன்டர்வியூ மேட்டர் படிச்சுட்டு ரொம்ப நேரம் கோவமா இருந்துச்சு தம்பி.

தண்டார்பேட்ட அண்ணன்:
நான் அகஸ்தியா தியேட்டர்ல படம் பாத்து வளந்தவன், அது 2020லயே போச்சு, இப்ப புதுப்படம்னா ராயபுரம் ஐட்ரீம்தான். என் லிஸ்டு: மெய்யழகன் 9, மகாராஜா 8, 3பிஹெச்கே 7. மெய்யழகன்ல ரிலீசுக்கு அப்றம் ஒரு பதினெட்டு நிமிஷம் கிட்ட வெட்டுனாங்க, நான் வெட்டாதத பாத்தேன், கார்த்தியும் அரவிந்த் சாமியும் விடிய விடிய பேசறத வெட்டுனா அதுல இன்னா இருக்கும்? 3பிஹெச்கேல சரத்குமார் கணக்கு போட்டு போட்டு வீட்டு வெல ஏறிகினே போறத பாக்கறப்போ என் தம்பி வாழ்க்கய பாக்கற மாதிரி இருந்துச்சு.

தம்பி கேட்ட மேட்டருக்கு வர்றேன். காசிமேட்டுல விடியக்கால ஏலம் எடுத்து கூடைய தூக்கினு தெருத்தெருவா போயி புள்ளைய காலேஜு படிக்க வெச்ச பொம்பளைங்க எத்தினி பேரு, அவங்கள முழுசா வெச்சு யாராவது ஒரு படம் எடுத்தா நான் பாக்கறதுக்கு முன்னாடியே 8 போட்டுருவேன். பொறவு நல்லா இல்லன்னா சண்ட போட்டுக்கலாம்.

பெரம்பூர் அக்கா:
அண்ணே அந்த படத்துக்கு ஃபர்ஸ்ட் டே நானும் வர்றேன். ஒன்னு சொல்ல விட்டுட்டேன், சார்பட்டால ஜான் விஜய்யோட கெவின் டாடிக்கு தனியா 10/10. எங்க பெரம்பூர் ரயில்வே காலனி பக்கம் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க அவ்ளோ பேரு இருந்தாங்க, வேல, பாக்சிங், பாட்டு, டான்சுன்னு கூடவே இருந்தவங்க, அவங்கள கேலி பொம்மையா இல்லாம நம்ம வீட்டு மனுஷனா காட்டுனது எனக்கு அவ்ளோ சந்தோஷம். கேட்டு தம்பி, சண்டே பாத்துட்டு மார்க்கு போடுங்க, 9க்கு கீழ போட்டா காரணம் எழுதணும்.